வைகையும் கருமந்தியும்

மதுரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வானளாவிய கோபுரங்கள். அவற்றை அடுத்து வருவது வைகை ஆறு. பரிபாடல் பாடிய புலவர்கள் வையையின் புதுப்புனலைக் கண்டு வியந்தனர். சித்திரைத் திங்களில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைக் காண இன்றும் இலட்சக்கணக்கான மக்கள் அதன் கரைகளில் கூடுகின்றனர். ஆற்றைப் போற்றுவது நம் மரபு. ஆனால், அந்த ஆறு பிறக்கும் இடத்தை நினைப்பவர் நம்முள் சிலரே. விளக்கின் ஒளியில் அமர்ந்து படிப்பவன், அதற்கு எண்ணெய் வார்த்தவளை மறந்துவிடுவது போன்றது நம் நிலை.

வைகை சமவெளியில் தோன்றிய ஆறு அன்று. மதுரைக்கு மேற்கே வருசநாட்டு மலைகளிலும், மேகமலையின் சரிவுகளிலும் சிறுசிறு ஓடைகளாகப் பிறந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடுகின்றது அது. பழனி மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் வராக நதியும் மஞ்சளாறும் அதனோடு கலக்கின்றன. இந்நீர் போதாமல் வறட்சியால் வாடிய மதுரைச் சீமைக்கு, மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைத் திருப்பிக் கொணரும் பெரும்பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது. பென்னிகுக் என்னும் பொறியாளரின் முயற்சியால் எழுந்த முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயனுக்கு வந்தது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்ந்தது. பின்னர், 1959இல் ஆண்டிப்பட்டிக்கு அருகில் வைகை அணை திறக்கப்பட்டது. மதுரை மக்கள் பருகும் நீரும், மேலூர் வரை விளையும் நெல்லும் இந்த ஏற்பாடுகளின் பயனே ஆகும்.

அணைகளைக் கட்டியவர்களை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். அது தக்கதே. ஆயினும், அணை நீரைத் தேக்குமே அன்றி நீரைப் பிறப்பிக்காது. நீரைப் பெற்றுத் தருவது மழை. பெற்ற நீரை வீணாக்காது வைத்திருந்து சிறுகச் சிறுக வழங்குவது மலைக்காடு. அக்காட்டின் பழங்குடிகளுள் ஒன்று, சமவெளியில் வாழும் நம்முள் பெரும்பாலோர் கண்டறியாத ஓர் உயிர். அதுவே கருமந்தி. கருங்குரங்கு என்றும், நீலகிரி மந்தி என்றும் அதனை வழங்குவர். அவ்வுயிர் இன்று அழியக்கூடிய நிலையில் உள்ள இனங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அதனைக் காப்பது மலையில் உள்ள வனக்காவலரின் வேலை மட்டும் அன்று. வைகை நீரைப் பருகும் நம் கடமையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குரங்கு என்றால் நமக்கு அழகர்கோயில் மலையில் திரியும் குரங்கே நினைவுக்கு வரும். தலையில் குல்லாய் வைத்தாற்போல் மயிர் படர்ந்த அந்த நாட்டுக்குரங்கு, அடியார் கையில் இருக்கும் தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் பறித்துச் செல்லும். கூரை ஓட்டைப் பிரிக்கும். துணியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறும். அது மனிதரோடு பழகி, மனிதரால் வாழக் கற்றுக்கொண்ட குரங்கு. கருமந்தியோ அதற்கு முற்றிலும் மாறானது. அது நம் தெருவுக்கு வருவதில்லை; நம் கோயிலில் கையேந்துவதில்லை. மலையின் உயரத்தில், அடர்ந்த சோலையின் உச்சிக் கிளைகளில், தானுண்டு தன் தழையுண்டு என்று வாழ்வது அதன் இயல்பு.

கருமந்தியின் உடல் முழுவதும் பளபளப்பான கரிய மயிர் மூடியிருக்கும். தலையில் மட்டும் மயிர் மங்கிய பொன்னிறமாகவோ பழுப்பாகவோ நீண்டு, கரிய முகத்தைச் சுற்றிப் பிடரிபோல் விளங்கும். வால் உடலைவிட நீளமானது. வளர்ந்த ஆணின் எடை பத்துக் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். பெண்ணின் தொடையின் உட்புறத்தில் வெண்ணிற மயிர் காணப்படும். வியப்பு என்னவெனில், கரிய தாய்க்குப் பிறக்கும் குட்டி கரியதாக இருப்பதில்லை. வெளிறிய தோலும் செம்பழுப்பு மயிருமாகப் பிறக்கும் அக்குட்டி, ஏறத்தாழ இரண்டரைத் திங்களில் தாயின் நிறத்தைப் பெறுகின்றது.

நம் முன்னோர் இத்தகைய உயிர்களைக் கூர்ந்து நோக்கியவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல், குரங்கு, முசு, ஊகம் என்று இவ்வினங்களை வேறு பிரித்துக் கூறுகின்றது. இவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரை உரியதாக்குகின்றது. முசுவின் ஆணைக் கலை என்று அழைக்கலாம் என்றும் விதிக்கின்றது. எல்லாவற்றையும் குரங்கு என்ற ஒரே சொல்லால் அடக்கிவிடும் நமக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் இத்துணை வேறுபாடு கண்டிருந்தனர் என்பது நாணத்தைத் தருவதாகும்.

குறுந்தொகையின் 69ஆம் பாட்டு ஒரு மந்தியைப் பற்றியது. தன் கலை இறந்ததை அறிந்த அம்மந்தி, கைம்மை வாழ்வை ஏற்க மனமின்றி, மரமேறும் தொழிலையும் இன்னும் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, உயர்ந்த மலைச்சரிவிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டது என்று பாடுகிறார் கடுந்தோட் கரவீரனார். இது புலவரின் கற்பனை என்போம். ஆயினும் அக்கற்பனைக்கு அடியில் ஓர் உண்மை உண்டு. 1960களில் நீலகிரியில் கருமந்திகளை ஆராய்ந்த ஃபிராங்க் பாரியர் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு தாயின் குட்டியைக் கூட்டத்தின் பிற பெண்களும் வாங்கி ஏந்துவதைக் கண்டு எழுதினார். குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் மந்தியினத்துக்கு உண்டு என்பதைப் பழம்புலவரும் அறிந்திருந்தார் போலும்!

கருமந்தியின் வாழ்வை அறிய வேண்டுமாயின், அதன் உணவை முதலில் அறிதல் வேண்டும். அது தழையுண்ணும் குரங்கு. தழை எங்கும் கிடைக்கும். ஆகவே அதற்குப் பஞ்சம் என்பதே இல்லை என்று நாம் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவது பிழை. இலையை மெல்லுவது எளிது. அதிலிருந்து உடலுக்கு வலிமை பெறுவது அரிது. முற்றிய இலையில் நார் மிகுதி. தன்னைத் தின்ன வரும் உயிர்களைத் தடுப்பதற்கு மரங்கள் துவர்ப்பையும் நச்சுப் பொருள்களையும் இலைகளில் வைத்துள்ளன. நாம் அவ்விலைகளைத் தின்றால் வயிற்றுநோயே விளையும்.

இதற்கு இயற்கை ஒரு வழி செய்துள்ளது. கருமந்தியின் இரைப்பை நம் இரைப்பை போன்றது அன்று. பசுவின் இரைப்பையைப் போல அறை அறையாகப் பிரிந்தது. அவ்வறைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை தழையைப் புளிக்க வைத்து, நாரைச் சிதைத்து, மந்திக்கு உணவாக மாற்றித் தருகின்றன. நம் வீட்டில் மாவு புளிப்பதைப் போன்றதே இச்செயல். புளிப்பதற்குக் காலம் வேண்டும் அல்லவா? அதனால்தான் கருமந்தி பகலில் நெடுநேரம் கிளையில் சாய்ந்து அமைதியாக அமர்ந்திருக்கின்றது. அதனைச் சோம்பல் என்று கொள்ளுதல் தகாது. உடல் ஓய்ந்திருக்க, வயிறு உழைக்கும் நேரம் அது.

இத்தகைய வயிற்றுக்குக் கனிந்த இனிப்புப் பழமும், நாம் உண்ணும் பண்டங்களும் ஒவ்வா. சர்க்கரை மிகுந்த உணவு புகுமாயின் அறைகளில் புளிப்பு அளவுகடந்து பெருகி நோயை உண்டாக்கும். ஆகவே, மலைக்குச் சுற்றுலாச் செல்பவர் அன்பினால் எறியும் பிஸ்கோத்து இவ்வுயிருக்கு நன்மை ஆகாது; தீமையே ஆகும். அன்பும் அறிவோடு கூடியிருந்தாலன்றிப் பயன் தருவதில்லை.

கருமந்தி விரும்புவன இளந்தளிர், மொட்டு, பூ, காய், விதை ஆகியவை. எல்லா மரங்களும் ஒரே காலத்தில் தளிர்ப்பதில்லை. ஒன்று தளிர்க்கும்போது மற்றொன்று பூக்கும், பிறிதொன்று காய்க்கும். ஆகவே, ஆண்டு முழுவதும் அதற்கு உணவு கிடைக்க வேண்டுமாயின் பலவகை மரங்கள் நெருங்கிய காடு வேண்டும். தேயிலைத் தோட்டமும் தொலைவிலிருந்து பார்ப்பதற்குப் பசுமையாகவே தோன்றும். ஆனால், மைல்கணக்கில் ஒரே செடி பரந்திருக்கும் அப்பசுமை, பலவகைத் தளிரைத் தேடும் கருமந்திக்குக் காடு ஆகாது. பசுமையெல்லாம் காடு அன்று என்பதை இந்த மந்தி நமக்குக் கற்பிக்கின்றது.

உலகம் முழுவதும் தேடினாலும் கருமந்திக்கு ஒரே ஓர் இல்லம்தான் உண்டு. வடக்கே குடகு முதல் தெற்கே குமரி மாவட்டத்து மலைகள் வரை நீண்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, பெரியாற்றுக் காடு, மேகமலை, களக்காடு, முண்டந்துறை ஆகியவை அதன் வாழ்விடங்களுள் சில. இவற்றுள் பெரியாற்றுக் காடும் மேகமலையும் பழனி மலையும் மதுரைக்கு நீர் தரும் இடங்கள் அல்லவா? நம் குடத்தில் நிறையும் நீர், கருமந்தி வாழும் மரங்களின் வேர்களைத் தழுவி வந்த நீர் என்று சொன்னால் அது அணிநயம் அன்று. நிலநூல் கூறும் உண்மை.

கருமந்திகள் சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. பெரும்பாலும் ஓர் ஆணும், சில பெண்களும், குட்டிகளுமாகப் பத்து உயிர்கள் வரை ஒரு கூட்டத்தில் இருக்கும். விடியற்காலையில் ஆண் எழுப்பும் முழக்கம் பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கும். இந்த எல்லை எங்களுடையது என்று அயற்கூட்டத்துக்கு அறிவிக்கும் குரல் அது. சிறுத்தையோ செந்நாயோ வரக் கண்டால் வேறொரு குரல் எழுப்பி அது தன் இனத்தை எச்சரிக்கும். பெண் மந்தி பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். ஆகவே, ஒரு கூட்டத்தில் இரண்டு தாய்கள் கொல்லப்பட்டாலும், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

இவ்வாறு யாருக்கும் தீங்கிழைக்காது வாழும் உயிருக்கு இரு வகையால் கேடு சூழ்ந்தது. முதலாவது, காடு துண்டுபட்டது. 19ஆம் நூற்றாண்டு முதல் மலைகளில் தேயிலை, காப்பி, ஏலம் முதலியன பயிரிடப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. பின்னர்ச் சாலைகளும் நீர்த்தேக்கங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் உயிருக்கு அகன்ற சாலை ஒரு பேராறு போன்றது. எஞ்சிய சோலைத் துண்டுகள் தீவுகளாயின. ஒரு தீவில் உள்ள கூட்டம் மற்றொரு தீவுக்குச் செல்ல வேண்டுமாயின் தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் நாயும் ஊர்தியும் அதன் உயிருக்கு எமன் ஆகின்றன.

இரண்டாவது கேடு முதலாவதினும் வெட்கத்துக்கு உரியது. கருங்குரங்கின் இறைச்சியும் இரத்தமும் இளைப்பு நோயைப் போக்கும், மெலிந்த உடலைத் தேற்றும் என்று ஒரு நம்பிக்கை நம் நாட்டில் பரவியது. கருங்குரங்கு இரசாயனம் என்றும் லேகியம் என்றும் பெயரிட்டு அதனை விற்றனர். அதன் அழகிய மயிர்த்தோலுக்கும் விலை இருந்தது. ஆகவே, துப்பாக்கி ஏந்தியவர் மலையேறினர். அமைதியாகக் கிளையில் அமர்ந்திருக்கும் உயிரைச் சுடுவதற்குப் பெருந்திறமை வேண்டுவதில்லை. பல காடுகளில் அதன் முழக்கம் அடங்கிப்போயிற்று.

இந்நம்பிக்கையை அறிவின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். கருமந்தி பலவகைப் பச்சிலைகளை உண்கின்றது; ஆகவே அதன் உடலே மருந்து என்பர். அப்படியாயின், நாள்தோறும் தழை தின்னும் வெள்ளாட்டின் இறைச்சியை உண்பவர் எவருக்கும் நோய் வருதல் கூடாதே! உண்ட இலையை அந்த விலங்கின் வயிறு சிதைத்து, அதற்கு வேண்டிய ஊனாக மாற்றிவிடுகின்றது. இலையின் மருந்து ஊனில் அப்படியே தங்கியிருக்கும் என்பது கற்பனையே. மூச்சிரைப்புக்கு இன்று மருத்துவ மனைகளில் தக்க மருந்துகள் உள்ளன. ஓர் அரிய உயிரைக் கொன்று வடித்த குழம்பை உண்பவன், மந்தியின் உயிரையும் இழக்கச் செய்து, தன் நோயையும் முற்றவிட்டு, பொருளையும் இழக்கின்றான். முன்னே இறப்பது குரங்கு. பின்னே ஏமாறுபவன் மனிதன்.

இத்தகைய மூடநம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு வியட்நாம் நாடு ஒரு சான்று. அந்நாட்டின் காட்பா என்னும் தீவில், கருமந்தியின் உறவினமாகிய தழையுண்ணும் குரங்கு ஒன்று வாழ்கின்றது. 1960களில் அதன் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அக்குரங்கைக் காய்ச்சி எடுத்த குழம்பு மருந்தாகும் என்று மக்கள் நம்பினர்; வேட்டை பெருகிற்று. 2000ஆம் ஆண்டளவில் எஞ்சியவை ஏறத்தாழ ஐம்பதே! அதன் பின்னர் வேட்டையைத் தடுத்துப் பெருமுயற்சியோடு காத்தும் அவற்றின் எண்ணிக்கை இன்னும் நூற்றை எட்டவில்லை. நாற்பது ஆண்டு மடமை, ஓர் இனத்தையே அழிவின் விளிம்பில் நிறுத்திவிட்டது. அங்கு நிகழ்ந்தது இங்கும் நிகழலாம் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டில் 1972இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் அட்டவணையில் கருமந்திக்கு இடம் அளிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதனைக் கொல்பவருக்கும் இதன் உறுப்புகளை விற்பவருக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகின்றது. பெரியாற்றுக் காடு 1978இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. 1988இல் திருவில்லிபுத்தூரில் சாம்பல்நிற அணில்களுக்கென ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் அதனையும் மேகமலையையும் இணைத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மதுரை மாவட்டத்தின் சாப்டூர்ப் பகுதிக் காடும் அதனுள் அடங்கும். புலியின் பெயரால் அமைந்த இக்காப்பகத்தில் கருமந்தியும் காப்புப் பெறுகின்றது. வைகையின் பிறப்பிடமும் காப்புப் பெறுகின்றது.

சட்டம் வேலி போன்றது. வேலி வேண்டும், ஆனால் வேலி மட்டும் பயிரைக் காத்துவிடாது. வாங்குபவன் இருக்கும் வரை விற்பவனும் இருப்பான். விற்பவன் இருக்கும் வரை கொல்பவனும் இருப்பான். கொலை மலையில் நடந்தாலும், அக்கொலைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் சமவெளியின் ஊர்களில் இருப்பவரே. ஆகவேதான், இந்த மந்தியின் உயிர் மலையில் உள்ளவர் கையில் மட்டும் இல்லை, நம் கையிலும் உள்ளது என்கின்றோம்.

இங்கே சிலர் ஒரு வினா எழுப்புவர். கருமந்தி அழிந்தால் மழை நின்றுவிடுமா? வைகை வற்றிவிடுமா? என்பது அவ்வினா. மந்தி அழிந்த மறுநாளே ஆறு வற்றிவிடும் என்று கூறுவது மிகை. உண்மையை நிலைநாட்டப் பொய்யைத் துணைக்கு அழைத்தல் வேண்டுவதில்லை. மழையைத் தருவது பருவக்காற்று. அதனை மந்தி தருவதில்லை. ஆனால், மந்தி வாழ்வதற்கு எத்தகைய காடு வேண்டுமோ, அத்தகைய காடே நீரைக் காப்பதற்கும் வேண்டும். அடர்ந்த காட்டில் பெய்யும் மழை இலைகளில் தங்கி, சருகுகளில் கசிந்து, மண்ணுள் இறங்கி, கோடையிலும் ஓடையாகச் சுரக்கின்றது. மொட்டை மலையில் பெய்யும் மழையோ மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடுகின்றது. அவ்வண்டல் அணையின் அடியில் படிந்து நீர் தேங்கும் இடத்தையும் குறைக்கின்றது. கருமந்தி பல்கி வாழும் காடு நலமுள்ள காடு. அதன் குரல் குன்றும் காடு நோயுற்ற காடு. நாடித்துடிப்பு உடலைக் காப்பதில்லை. ஆயினும் துடிப்பு குறையும்போது மருத்துவர் அஞ்சுகிறார் அல்லவா? கருமந்தி காட்டின் நாடி.

மற்றும் சிலர், மனிதரின் வறுமை தீராத நாட்டில் குரங்கைப் பற்றிக் கவலைப்படுவது முறையா என்று கேட்பர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. மலையில் பளியர் போன்ற பழங்குடியினர் வாழ்கின்றனர். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து வயிறு வளர்க்கும் உழைப்பாளர் உள்ளனர். வருசநாட்டில் இலவ மரம் வளர்த்துப் பஞ்சு எடுக்கும் உழவர் உள்ளனர். மந்தியைக் காக்கிறோம் என்று கூறி இவர்களை வாடவிடுவது அறம் ஆகாது. காட்டைக் காப்பதால் வரும் நன்மையின் பெரும்பகுதியைத் துய்ப்பவர் சமவெளியில் உள்ள நாம். அதனால் வரும் துன்பத்தை மட்டும் மலைமக்கள் தலையில் சுமத்துவது நீதியோ? காடறிந்த அம்மக்களுக்குக் காவற்பணியிலும், தேன் முதலிய சிறுபொருள் சேகரிப்பிலும், கல்வியிலும் உரிய இடம் தருதல் வேண்டும். அவர்கள் வாழ்ந்தால்தான் காடு வாழும். மனிதனா மந்தியா என்று கேட்பதைவிட, இருவரும் வாழ வழி யாது என்று கேட்பதே அறிவுடைமை.

அவ்வழி உண்டு என்பதற்குச் சான்றுகளும் உள்ளன. பாலக்காட்டு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பழமையான மழைக்காடு உளது. அங்குக் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970களில் திட்டம் வகுத்தனர். கருமந்தியும், அதனினும் அரியதாகிய சிங்கவால் குரங்கும் வாழும் காடு அது. அறிவியலாரும் ஆசிரியரும் மாணவரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். சுகதகுமாரி என்னும் கவிஞர் முன்னின்று போராடினார். முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வால்பாறைப் பகுதியில் சாலையின் இருமருங்கிலும் உள்ள மரங்களை இணைத்து, தரையில் இறங்காமல் சிங்கவால் குரங்குகள் கடந்து செல்வதற்குக் கட்டிய தொங்குபாலங்களையும் காணலாம். வெட்டிய கையே கட்டவும் வல்லது என்பதை இவை உணர்த்துகின்றன.

மாணவராகிய நாம் செய்யக்கூடியது யாது? முதலாவது, கருங்குரங்கு மருந்து என்று எவர் எப்பெயரால் விற்றாலும் வாங்காதிருத்தலும், வாங்க முற்படும் பெரியோரிடம் அது பொய் என்று பணிவோடு எடுத்துரைத்தலும் ஆகும். இரண்டாவது, கொடைக்கானலுக்கோ மேகமலைக்கோ சென்றால் குரங்குகளுக்கு உணவு எறியாமலும், நெகிழிப் பைகளைக் காட்டில் போடாமலும், மலைச்சாலையில் ஊர்தி விரையாமலும் பார்த்துக்கொள்ளுதல். மூன்றாவது, நம் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல். தன் ஆற்றின் பிறப்பிடத்தை நிலப்படத்தில் காட்டத் தெரியாத மாணவன், பாட்டனின் பெயரை அறியாத பேரனை ஒத்தவன்.

குரங்கு கையில் பூமாலை என்று நாம் பழமொழி சொல்வதுண்டு. அருமை அறியாதவன் கையில் அரிய பொருள் சிக்கினால் சிதைந்துவிடும் என்பது அதன் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் இயற்கை தொடுத்த பூமாலை. அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு மலரும் உதிராமல் வைத்திருந்தது குரங்கு. இருநூறு ஆண்டுகளுக்குள் பிய்த்தெறிந்தவன் மனிதன். அப்பழமொழி யாருக்குப் பொருந்தும் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாலை இன்னும் முழுவதும் அழிந்துவிடவில்லை. மேகமலையின் உச்சியில் விடியற்காலையில் கருமந்தியின் முழக்கம் இன்றும் கேட்கின்றது. அம்முழக்கம் ஒலிக்கும் வரை ஓடைகள் ஊறும். ஓடைகள் ஊறும் வரை வைகைக்கு வாழ்வு உண்டு. வைகைக்கு வாழ்வு உள்ள வரை மதுரைக்கும் வாழ்வு உண்டு. கருமந்தி நம்மிடம் தேங்காயும் கேட்கவில்லை, பழமும் கேட்கவில்லை. தன்னைத் தன் காட்டில் வாழ விடுக என்பது ஒன்றே அதன் வேண்டுகோள். அதனை நிறைவேற்றுதல் அருள் மட்டும் அன்று. நீர் உண்டவர் செலுத்தும் நன்றியும் ஆகும்.